செருப்பு சம்பந்தமாக

மார்ச் 2, ஞாயிறு

அடுத்த ஞாயிறு எங்கள் குடியிருப்பில் சமய நல்லிணக்க விழா. எல்லா மதத்தினரும் அவரவர் பாட்டு, பிரார்த்தனை, உடை என்று மேடையேறலாமாம். சங்கச் செயலாளர் வீடு வீடாக வந்து வேலை பிரித்துக் கொடுத்தார். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு மைக்செட் என்று பெயர். விழாக் கூடத்தில் புதுக் கம்பளம் விரிக்கிறார்கள், செருப்பெல்லாம் வெளியேதான். அந்தச் செருப்புக் காவல் எனக்கு.

"சலவைக்கடை கவுன்ட்டர்ல டோக்கன் போட்டுப் பழகினவங்க நீங்கதானே" என்றார். சரி என்றேன். போகிற போக்கில், "கூட மேல் மாடி நர்ஸம்மாவும் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார். தெரிந்தேதான் செய்கிறார், கிராதகர்.

என் மகளும் நர்ஸம்மாவின் மகனும் இந்த மாடிப்படியிலேயே பேசிப் பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டு வெளியூர் போய் இரண்டு வருஷம். நாங்கள் ஒரு சாமி, அவர்கள் ஒரு சாமி. "எங்களுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!" என்று அந்தம்மா படியில் நின்று கத்தினதை நான் மறக்கவில்லை. நானும் அதையே திருப்பிக் கத்தினேன் — அது வேறு விஷயம்.

மார்ச் 5, புதன்

மகள் போன் செய்தாள். ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறதாம்.

"இங்க வந்துடுடி, நான் பார்த்துக்கறேன்."

"வந்து? கீழ் வீட்டுல இருந்தா அத்தைக்குக் கோபம், மேல போனா உனக்குக் கோபம். முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசுங்கம்மா. அப்புறம் வர்றேன்."

வைத்துவிட்டாள். யாரைக் கொண்டு பிறந்தாளோ, இவ்வளவு பிடிவாதம்! வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி என்னையே பார்த்தார். பார்க்கட்டும்.

நான் ஏன் முதலில் பேசணும்? ஆனால் கால் வீக்கம் என்கிறாளே...

மார்ச் 8, சனி

டோக்கன் எழுதி முடித்தேன். அட்டையை இரண்டாகக் கிழித்து, இரண்டு பாதியிலும் ஒரே எண். ஒன்று செருப்புக்கு, ஒன்று ஆளுக்கு. நர்ஸம்மாவும் எழுதுகிறார் என்று மைக்செட் சொன்னார். எழுதட்டும். நான் போய்க் கேட்கவா போகிறேன்?

மார்ச் 9, ஞாயிறு

இடுப்பு ஒடிகிறது. ஆனாலும் இதை எழுதாமல் படுக்க மாட்டேன்.

வாசலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். பேச்சே இல்லை. கூட்டமான கூட்டம். இரண்டு பேரும் வாங்கிய செருப்பை நடுவிலிருந்த ஒரே அலமாரியில் திணித்தோம். உள்ளே ஒரு பிரார்த்தனை முடிந்தால் வேறொரு மொழியில் இன்னொன்று. வாட்ச்மேன் பாடினார் — இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டா மனுஷர் கேட்டில் விசில் ஊதுகிறார்! பிள்ளைகள் ஒருவர் உடையை இன்னொருவர் போட்டுக்கொண்டு மேடையில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கம் பார்த்தால், அந்தம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பிக்கொண்டேன்.

விழா முடிந்து முதல் ஆள் ஏழாம் எண்ணை நீட்டினார். அலமாரியில் இரண்டு ஏழு! அடுத்தவர் பன்னிரண்டு. அதுவும் இரண்டு. அட கடவுளே! நானும் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறேன், அவரும் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறார்!

"என் ஷூ எங்கங்க?" "இது லேடீஸ் செருப்புங்க!" — ஒரே கூச்சல். பல் டாக்டர் ஒற்றைக் காலில் நின்றார்.

"உங்களது என்ன மை?" கேட்டே விட்டேன்.

"சிவப்பு."

"என்னோடது நீலம். நீங்க சிவப்பை எடுங்க, நான் நீலத்தை எடுக்கறேன்."

அப்போதுதான் மைக்செட் மைக்கைப் பிடித்தார். "பொறுமை, பொறுமை! செருப்பு சம்பந்தமா எதுன்னாலும் நம்ம சம்பந்திங்க ரெண்டு பேரையும் பாருங்க!"

கூடமே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. நர்ஸம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தாளு வாயில மைக்கையே அடைக்கணும்" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான்.

கூட்டம் போனபின் காலி அலமாரிக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

"கால் வீங்கியிருக்காமே? பையன் சொன்னான். பிரஷர் பார்த்தாங்களான்னு கேட்டீங்களா?"

எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. "வரச் சொல்றேன். நீங்களே பாருங்களேன்" என்றேன். என் வாயா சொன்னது?

மார்ச் 10, திங்கள்

மகளிடம் சொன்னேன். நம்பவில்லை. "அத்தைகிட்ட போனைக் குடு, பார்ப்போம்"ங்கறா! படியேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். போன் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. அப்படி என்ன பேச்சோ.

மார்ச் 22, சனி

மகள் வந்துவிட்டாள். மாப்பிள்ளை பெட்டியோடு படியில் நிற்க, இவள் வாசலிலேயே நின்று கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்தாள். என்னுடையதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் செருப்பு.

"அம்மா... இது அத்தையோடதா?"

"உள்ள வாம்மா, முதல்ல உட்கார்ந்து காலைக் காட்டு. செருப்பை அங்கயே விடு, டோக்கன் எல்லாம் வேணாம்."

சொன்னது நான் இல்லை. உள்ளேயிருந்து, என் சம்பந்தி.