ஏப்ரலில் வெட்ட வேண்டியது

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது விதைப் பைதான். இந்த வருடம் அப்பா வாங்கி வந்திருப்பது ரை தானியம் இல்லை, ஓட்ஸ்.

குளிர்கால மழையிலும் பனியிலும் தோட்டத்து மண் அரித்துப் போகாமலிருக்க அவர் எப்போதும் ரைதான் தூவுவார், உனக்கே தெரியும். பனிக்கு அடியிலும் அது உயிரோடு கிடந்து, ஏப்ரலில் இடுப்பு உயரம் வந்துவிடும். அப்பாதான் அரிவாளோடு இறங்கி வெட்டி, உரமாக மண்ணுக்குள் மடக்கிவிடுவார். ஓட்ஸ் டிசம்பர் குளிரிலேயே செத்து, மண்மேல் போர்வையாகப் படுத்துவிடும்.

"ஏம்ப்பா மாத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"இதுன்னா தானாச் செத்துரும் கண்ணு. ஏப்ரல்ல யாரும் வெட்ட வேண்டியதில்ல. உனக்கெதுக்குச் சிரமம்?"

"நீங்கதானே வெட்டுவீங்க?"

சிரித்தார். "ஸ்கூல விட்டாலும் கேள்வி கேக்கறத விடமாட்டேங்கற."

நீ பிளசன்டனிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாயிற்று என்கிறார். திங்கட்கிழமை அவருடைய போனை நான் எடுத்தேன். கேன்சல் செய்த இதய ஆபரேஷனுக்கு வேறு தேதி வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எனக்குத்தான் போனில் பேச வராதே. அப்படியே வைத்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை.

இன்று மத்தியானம் அவர் தூங்கியபோது ஓட்ஸ் பையைக் கராஜில் ஒளித்து வைத்தேன். போன வருடம் மிஞ்சிய ரையைத் தோட்டம் முழுக்கத் தூவி, மண்ணைக் கிளறி மூடினேன்.

உன் தங்கை