ஆறாம் எண் அறை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சௌக்கியம். உன் சளி விட்டதா என்பதுதான் இங்கே கவலை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, சரிம்மா வேலை இருக்கு என்று வைத்துவிடுகிறாய். பதினான்கு மாதமாக இதே பாட்டுதான். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். உன் திட்டம் ஜெயித்துவிட்டது! நேற்று நகர மன்றக் கூடத்தில் ஐம்பத்திரண்டு பேரில் நாற்பத்தேழு பேர் கை தூக்கினார்கள். ஏரிக்கரை விடுதிகளில் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் பேருக்கு மேல் தங்கக் கூடாது. மற்றவர்கள் அடிவாரத்து ஊர்களில் தங்கி, காரை அங்கேயே நிறுத்திவிட்டு, பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். இங்கே நகராட்சியில் வேலை பார்த்தபோது நீ எழுதியதில் ஒரு வரி மாறவில்லை. அடிவாரத்துக்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷம் நம் ஊருக்கு வருகிற கார்களின் புகையை மட்டும்தானே அவர்கள் பார்த்தார்கள்.

அன்றைக்குக் கத்தினவர்களா இன்றைக்குக் கை தூக்கினார்கள் என்று நீ கேட்பாய். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தப் பழைய கூட்டத்தைச் சொல்ல வேண்டும். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

விடுதி விடுதியாகப் போய், எத்தனை பேருக்குத் தாங்கும் என்று செப்டிக் டேங்க்கில் கம்பை விட்டு அளந்தாய் என்று உனக்குக் ‘கக்கூஸ் ஆபீசர்’ என்று பெயர் வைத்தார்கள். அதைக்கூட நீ சிரித்தபடி தாங்கிக்கொண்டாய். ஆனால் படகுக்காரர் சங்கத் தலைவர், நம் ‘கேப்டன்’, எழுந்து ஒரு கேள்வி கேட்டாரே, அதுதான் உன்னைச் சாய்த்தது. விடுதிக்காரர்கள் எழுதிக் கொடுத்த ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் கூட்ட நாளில்கூட நானூறைத் தாண்டவில்லை. நானூறு பேர் வருகிற ஊருக்குத் தொள்ளாயிரம் என்று எதற்கம்மா வரம்பு என்று கேட்டார். கூடமே சிரித்தது. நீ எங்கள் காகிதங்களையே மறுபடி புரட்டினாய். அதில் என்ன கிடைக்கும்? வரிக்குப் பயந்து ஒவ்வொருவரும் பொய் எழுதிக் கொடுத்திருந்தோம்.

ஆமாம், நானும்தான். சமையலறையில் என் எதிரிலேயே நின்று, உள்ளதை எழுதும்மா என்றாய். நம் விடுதிக்கு நான் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பெற்ற மகளிடமே பொய். அது போதாதென்று உனக்கு எதிராகக் கையும் தூக்கினேன். உன் அப்பா குளிருகிற மாதிரி இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்தாய். வரைபடத்தைச் சுருட்டினாய். மறுவாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

இந்த வருஷம் நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. மூன்றாம் நாள் காலையில் படகுத் துறைப் பக்கத்து டேங்க் பொங்கி, கழிவு ஏரிக்குள் இறங்கிவிட்டது. மதியத்துக்குள் இன்னும் மூன்று. மூக்கைப் பொத்திக்கொண்டு ஜனம் கிளம்பியது பார், சாலையில் கார்கள் எறும்பு மாதிரி. கேப்டன் துடுப்பைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தூக்கி எறிந்துவிட்டார். அப்புறம் ஐந்து வாரம் ஊருக்கு ஈ காக்கா வரவில்லை.

சும்மா இருந்த அந்த நாட்களில்தான் பீரோவில் நீ விட்டுப்போன திட்ட ஃபைலை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே நம் விடுதி: ‘அறைகள் ஆறு. டேங்க் நான்கு அறைக்கே தாங்கும்.’ பிறந்த வீட்டையே முதலில் காட்டிக் கொடுத்திருக்கிறாளே என்று, அன்றைக்குக் கூட்டத்தில் நீ இதை வாசித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது உண்மை. இப்போது படித்தபோதுதான் உறைத்தது. சொந்த வீட்டை மறைத்தால் மற்றவர் வீட்டைப் பற்றி நீ எப்படிப் பேச முடியும்? உனக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லாமல் போய்விட்டது, கண்ணு.

அன்றைக்கே லாண்டரிக்காரரிடம் போனேன். ஊரில் எல்லா விடுதிப் படுக்கை விரிப்பும் அவரிடம்தானே போகிறது. நாங்கள் காகிதத்தில் ஆளை மறைக்கலாம், விரிப்பை மறைக்க முடியுமா? எந்த விடுதியிலிருந்து எத்தனை உருப்படி என்று பத்து வருஷத்து நோட்டு வைத்திருக்கிறார். நம் ஆறு கட்டிலுக்கு அந்த விடுமுறையில் மட்டும் எழுபத்தாறு விரிப்பு! தரையில் மெத்தை போட்டது அத்தனையும் அதில் இருக்கிறது. இதை என் மகளிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

“என்னை யாரும்மா கேட்டாங்க?” என்றார்.

ஒரு வாரம் நானும் அவரும் உட்கார்ந்து கூட்டினோம். கூட்ட நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து முந்நூறு பேர். உன் இடத்துக்கு வந்திருக்கும் கண்ணாடிக்காரத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்தான் மறுபடி கூட்டம் போட்டார்.

நேற்று முதல் ஆளாக நான் எழுந்தேன். போன தடவை நான் கொடுத்த கணக்கு பொய், இதுதான் நிஜம் என்று நோட்டைத் தூக்கிக் காட்டினேன்.

“ஆறு ரூம்ல ரெண்டை நானே மூடிட்டேன். என் வீட்டுல இருந்தே ஆரம்பிங்க” என்றேன்.

யார் எழுந்தார் தெரியுமா? கேப்டன்! அந்தப் பெண்ணைப் பார்த்து முதலில் சிரித்தவன் நான்தான், அதனால் படகுகளில் பாதியைக் கரையேற்றுவதிலும் நான்தான் முதல் ஆள் என்றார். அப்புறம் ஒவ்வொருவராக உண்மையைக் கக்க ஆரம்பித்தார்கள். வாக்கெடுப்பில் உன் அப்பா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஒரு ஆளுக்கு ஒரு கைதான் சார் என்று கண்ணாடிக்காரத் தம்பி சொல்ல, இன்னொன்று போன தடவைக்கு என்றார் இவர். கூடம் அதிரச் சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பைக் கேட்க நீ இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் நுழைவில் பலகை வைக்கப் போகிறார்கள், பெரிதாகத் தொள்ளாயிரம் என்று எழுதி. சங்கத்தில் உன்னைத்தான் திறந்துவைக்கக் கூப்பிட வேண்டும் என்கிறார்கள். கடிதம் வரும். அது அவர்கள் அழைப்பு. என்னுடையது வேறு.

மூடிய இரண்டு அறைகளில் ஒன்று ஆறாம் எண். நீ கல்லூரிக்குப் போன மறுமாதமே உன் கட்டிலை மாற்றி, எண் தகடு அடித்து, வாடகைக்கு விட்டேனே, அந்த அறை. நீ விடுமுறைக்கு வந்தபோதெல்லாம், பிறகு இங்கேயே வேலைக்கு வந்தபோதும், ஹாலில்தான் படுத்தாய். ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று காலை அந்தத் தகட்டை நானே கழற்றினேன். ஆணி இருந்த இரண்டு ஓட்டை மட்டும் தெரிகிறது. அப்பா அதை அடைத்துவிடுகிறேன் என்கிறார்.

தொள்ளாயிரத்தில் இடம் இருக்குமோ என்று யோசிக்காதே. பதினோராம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: வீட்டு ஆட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து இரு, அதற்கான எல்லாம் உன்னிடம் இருக்கிறது. அம்மா செய்தது தப்பு. வந்துவிடு கண்ணு.

உன் வரவுக்காக விரிப்பு மாற்றி வைத்திருக்கும்,
அம்மா