கழுத்தைப் பார்த்துச் சத்தம் குறைத்தவனுக்கு

இன்று காலை, மகள் வாங்கி அனுப்பிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் கூடத்தில் மாட்ட ஆள் வந்திருந்தார். சோதனைக்கு ஒரு பாட்டைப் போட்டார். பக்கத்தில் நின்ற அவரிடம் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவே நான் கத்த வேண்டியிருந்தது. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. உன் நினைப்பு வந்துவிட்டது. சத்தத்தை இறக்கச் சொன்னேன்.

நெல் மில்லில் இருபது வருஷம் மெஷின் ஓட்டி உனக்குக் காது முக்கால்வாசி போயிருந்தது. அதே மில்லில் அரிசி எடுத்து விற்றுத்தான் நான் உத்திரமேரூரில் கடை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெருநகரிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க வருவாய். உனக்கும் கேட்கட்டுமே என்று வாராவாரம் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவேன். நீ போன பிறகு என் காதில் ஒரு இரைச்சல் நிற்கும். மறுநாள் கடை திறந்த பிறகும் போகாது. உன்னிடம் சொல்லவில்லை. சிநேகிதனுக்காகச் செய்கிறோம் என்ற பெருமை வேறு.

ஒருநாள் என் மனைவி உன் காதருகே வந்து போட்டு உடைத்துவிட்டாள். நீ என்னை முறைத்தாய்.

"எனக்குக் கேக்கலன்னா போவுது. உனக்கும் போச்சுன்னா, ரெண்டு செவிடும் ஒக்காந்து இன்னாத்தப்பா பேசறது?"

அன்றே நாற்காலியைக் கை எட்டும் தூரத்தில் இழுத்துப் போட்டு, பாட்டு ஓடும்போதே என்னைப் பேசச் சொன்னாய். நான் அரிசி விலை பேசினேன். உனக்குத்தான் கேட்காதே, என் கழுத்தையே பார்த்தாய். "நரம்பு பொடைக்குது. கம்மி பண்ணு." வழக்கமான குரலில் நான் பேச முடிகிறவரை விடவில்லை. ஃபேன் சத்தத்தில் பாட்டு அமுங்குகிறது என்றேன். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாய். பிறகு பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தாளத்துக்குத் தலையாட்டினாய்.

இரைச்சல் மெல்ல விட்டது. போனது போனதுதான், மிச்சம் நன்றாக இருக்கிறது என்றார் காது டாக்டர்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் உன் குரல் மூச்சளவுக்கு இறங்கிவிட்டது. நர்ஸம்மா இரண்டு தரம் குனிந்தும் புரியாமல் நிமிர்ந்தார். ஜன்னலோரம் நின்ற எனக்குக் கேட்டது. "தண்ணி கேக்கறாரும்மா" என்றேன்.

நீ காப்பாற்றிக் கொடுத்த காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பேத்தி இப்போதுதான் பேசப் பழகுகிறாள். பாதிச் சொல்லை வாய்க்குள்ளேயே முழுங்கிவிடுகிறாள். எனக்கு முழுசாகக் கேட்கிறது.