மாம்பழச்சாலைக்கு வந்த சிவப்புத் துணி

அண்ணே, நேற்று மாம்பழச்சாலையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். காவிரிப் பாலத்தின் நடுவில் ஒரு நெல் லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டதாம். பணியில் இருந்த போலீஸ்காரர் கையில் வயர்லெஸ். அதில் சிந்தாமணி முனையிலிருந்து ஒரு குரல் கரகரத்தது: "கடைசி வண்டி பச்சை டவுன் பஸ்ஸுங்க. இங்க சிக்னல்ல சிவப்பு போட்டாச்சு. அது வந்ததும் நீங்க விடுங்க." பஸ் வந்தது. அவர் கை காட்ட, ஸ்ரீரங்கத்துப் பக்கத்து வண்டிகள் வரிசையாக நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் நெரிசல் கலைந்துவிட்டது. இது நம்முடைய ஏற்பாடு அல்லவா?

நாம் டிராஃபிக் கான்ஸ்டபிள்களாக இருந்த காலத்தில் வயர்லெஸ் ஏது? பாலத்தின் தென்கோடியில், சிந்தாமணி சிக்னலடியில் நீங்கள், வடகோடியில் நான். பாலத்தில் ஒரு வண்டி படுத்துவிட்டால் மிச்சம் ஒரு வரிசை வழிதான். இரண்டு பக்கத்தாரும் முண்டியடித்து வந்து நடுவில் முட்டிக்கொள்வார்கள். ஒருநாள் டீக்கடையில் நீங்கள்தான் சொன்னீர்கள்: "நான் விடுற கடைசி வண்டியில ஒரு துணியைக் கட்டி அனுப்புறேன். அது உங்க கைக்கு வந்தா என் பக்கம் அடைச்சாச்சுன்னு அர்த்தம். அப்புறம் நீங்க விடுங்க. உங்க கடைசி வண்டியில அதையே கட்டி எனக்குத் திருப்பி அனுப்புங்க."

மறுநாளே துணி வந்தது. உங்கள் மகளின் பழைய சிவப்புப் பாவாடையில் கிழித்த துண்டு. அண்ணி ஓரம் மடித்துத் தைத்திருந்தார். "இன்னைக்கு எங்க பஸ்ஸுக்குத்தான் பாவாடையா?" என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டுமே, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை நிற்கிற வண்டிகள் அதனால்தானே நகர்ந்தன! இரண்டாவது துணி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். "துணி ஒண்ணுதான். அது இருக்கிற பக்கம்தான் வழி" என்பீர்கள். அதிகாரிகளிடம் சொல்ல வேண்டாம், சிரிப்பார்கள் என்றதும் நீங்கள்தான். நானும் தலையாட்டினேன், மடையன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒரு செங்கல் லாரி பாலத்தில் நின்றது. பத்து மணி சுமாருக்கு டவுன் பஸ் ஒன்றின் கண்ணாடியில் துணி வந்தது. அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு, முதல் வண்டியாக ஒரு டாக்சியை விட்டேன். உள்ளே பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்; பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள். டாக்சி லாரியை நெருங்கும்போது எதிரே ஒரு வேன் வந்து நின்றது. அதன் பின்னால் சிந்தாமணிப் பக்கத்து வண்டிகள் அத்தனையும் புகுந்திருந்தன. முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. நான் பாலத்துக்கு ஓடி ஒவ்வொரு வண்டியாகப் பின்னுக்குத் தள்ளச் சொல்லி, வழி கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தாய் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

விசாரணையில் இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் துணியை வைத்தேன். "இது வந்த பிறகுதாங்க சார் நான் திறந்தேன்." அவர் அதை லத்தியால் புரட்டிவிட்டு உங்களைப் பார்த்தார். "என்னய்யா இது? கந்தல் துணியை வச்சா டிராஃபிக் பாக்குறீங்க?"

நீங்கள் பெற்ற மகள் கட்டிய பாவாடை, அண்ணே. அண்ணி போட்ட தையல். அதைப் பார்த்துக்கொண்டே, வாய் கூசாமல் சொன்னீர்கள்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். அப்படி ஒரு துணியே கிடையாது. நான் வண்டி விட்டுக்கிட்டு இருக்கையிலேயே இவரு திறந்துட்டாரு."

நான் துணியை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இன்க்ரிமெண்ட் போயிற்று; துறையூருக்கு மாற்றினார்கள். கிளம்பும் முன்னால் அந்தப் பெண்ணின் புருஷன் ஸ்டேஷன் வாசலில் என்னை வழிமறித்து, "அவசரப்பட்டுத் திறந்தீங்களாமே?" என்று மட்டும் கேட்டான்.

அப்போதும் உங்களை முழுதாக வெறுக்கவில்லை. ஏதோ ஒரு வண்டி உங்களை ஏமாற்றிப் புகுந்திருக்கும், பயத்தில் உளறிவிட்டீர்கள் என்றே நினைத்தேன். அதனால்தான் உங்கள் மகள் கல்யாணத்துக்குத் துறையூரிலிருந்து பஸ் ஏறி வந்தேன். பந்தியில் என் பக்கத்து இலையில் உங்கள் சம்பந்தி. பேச்சுவாக்கில் சிரித்தார்: "பொண்ணு பாக்க வந்தன்னைக்கே பாலத்துல மாட்டிக்கிட்டோங்க. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வீட்டுக்குள்ள நுழையணும். சிவப்பு விழுந்தும் நம்ம சம்பந்திதான், 'நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்'னு வேனை விட்டாரு!"

பாயச வாளியோடு எதிரில் நின்றீர்கள். உங்கள் முகத்தில் ஈயாடவில்லை. என் இலையில் மட்டும் இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தீர்கள். நான் அதைத் தொடாமல் எழுந்தேன். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருந்தீர்கள்! ஒரு கார்டு போட்டிருக்கலாமே, அண்ணே. "தப்பு என்னுதுதான்" என்று இரண்டே வார்த்தை. போன இன்க்ரிமெண்ட் திரும்ப வேண்டாம், அந்தப் புருஷனிடம் காட்ட எனக்கு அது வேண்டியிருந்தது.

போன மாதம் உங்கள் சாவுக்கு வந்தேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா உங்களைப் பத்தி அடிக்கடி பேசுவாரு, சித்தப்பா" என்று அழுதாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் சட்டைப் பையில் அவளுடைய பாவாடைத் துணி இருந்தது. உங்கள் மேல் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன். ஓயாமாரி சுடுகாடு வரை நடந்தேன். கை பைக்குள் போயிற்று, துணியைப் பிடித்தது, வெளியே வரவில்லை.

அதை எரித்துவிட்டால் நீங்கள் அன்று சொன்னது நிஜமாகிவிடும், அண்ணே. அப்படி ஒரு துணியே கிடையாது என்று.