புகைபோக்கிச் சுவரின் சூடு

மகராசி,

வந்ததும் வராததுமாகக் கணப்பைப் பற்றவைக்காதே. தீப்பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறேன், தேடாதே. புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் மதியம் வந்து பார்த்தார். உள்ளே தார் மாதிரி கரி அப்பிக் கிடக்கிறதாம். ஒரு பொறி பட்டால் போதுமாம், குழாயே பற்றிக்கொள்ளும். நாளை சாயங்காலம் வந்து சுரண்டித் தருகிறார். அதுவரை கம்பளிதான்.

சூப் மூடி வைத்திருக்கிறேன். சுடவைத்துக் குடி.

ஈர விறகுதான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் சிரித்தார். "விறகுல குறை இல்லீங்க. சீக்கிரம் அணையக் கூடாதுன்னு காத்து வர்ற வழிய அடைச்சு, நெருப்ப மணிக்கணக்கா புகைய விட்டிருக்காங்க. வேலைக்குப் போறவங்க யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

நீ பண்ணுவாய். நைட் ஷிப்ட் முடிந்து நான் வரும்போது நீ கிளம்பிப் போயிருப்பாய், கணப்பில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். அணைக்க மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குத் தீ?" என்று ஞாயிற்றுக்கிழமை கத்தினேனே, அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? அழுத்தக்காரி.

கட்டிலை ஒட்டிய அந்தப் புகைபோக்கிச் சுவரின் சூட்டில் முதுகை வைத்தால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.

மாடி ஜன்னலைச் சாத்திவிடு.

இன்னொன்று. தினமும் வந்ததும் அந்தச் சுவரைத்தான் தொட்டுப் பார்ப்பேன். சூட்டை வைத்து, நீ போய் எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று கணக்குப் போடுவேன். நாளைக் காலை அது சில்லென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. அதனால் நான் வரும்வரை போகாதே.