தள்ளிப்போன நாட்கள்

நாள் 212 – 08:10
செவ்வாய்க் கோள், வடக்கு நிலையம். எழுதுவது நிலைய மருத்துவர் ஹெலன் சகாயம். தோட்டக்கூடத்துக் காளான் தூளால் வரும் காய்ச்சலுக்குத் தடுப்பூசி, முதல் தவணை: பத்துப் பெண்கள், ஒன்பது ஆண்கள், நான். கைவலி, லேசான சூடு. வேறொன்றும் இல்லை. இரண்டாம் தவணையும் போட்டால்தான் பாதுகாப்பு. அது நாள் 271.

நாள் 236 – 09:30
ஏழு பெண்களுக்கு மாதவிலக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வந்தது. தலைமையகத்துக்கு எழுதினேன். பதில்: "படிவத்தில் இதற்கு இடமில்லை. மனஉளைச்சல் என்று குறிக்கவும்." குறிக்கவில்லை. அறிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பினேன். ஐந்தாம் முறை ஏற்றுக்கொண்டார்கள்.

நாள் 265 – 09:15
இந்த மாதம் எல்லோருக்கும் சரியான நாளில் வந்துவிட்டது. மரகதவல்லிக்கு மட்டும் இல்லை. தோட்டக்கூடத்தில் வேலை, வயது 29. பன்னிரண்டு நாள் தள்ளிவிட்டது.
"ஊசியாலதானே டாக்டர்? எல்லாருக்கும் தள்ளிப்போச்சே."
"வந்துடும்மா" என்றேன்.
இங்கே கர்ப்பத்துக்குத் தடை. அதனால் தலைமையகம் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை அனுப்பவேயில்லை.

நாள் 268 – 16:00
வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலது பக்கம் வலி. யாருடனாவது பழக்கமா என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். "சொன்னா பூமிக்கே திருப்பி அனுப்பிடுவாங்க டாக்டர்."
புழுதிப்புயல். மின்சாரம் குறைவு. ஸ்கேனுக்குத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். கேட்டேன். பதில்: "தடுப்பூசியால் தள்ளிப்போகும் என்பது உங்கள் அறிக்கைதான். ஸ்கேன் தேவையில்லை. வலி மாத்திரை கொடுக்கவும்."
கொடுத்தேன். என் கையால்தான் கொடுத்தேன்.

நாள் 269 – 07:50
விடியுமுன் தக்காளிச் செடிகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தாள். ஸ்கேன் அறைப் பூட்டை உடைத்தேன். கரு, கருப்பைக்குப் போகாமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்திருக்கிறது. வயிறு முழுக்க ரத்தம். தனியாகவே அறுத்தேன். மயக்கம் ஏறுமுன் "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.
07:25. போய்விட்டாள்.

நாள் 270 – 11:00
தலைமையகம்: "மரணக் காரணம் தடுப்பூசிப் பக்கவிளைவு. கர்ப்பம் என்ற சொல் பதிவில் வரக்கூடாது." மறுத்தேன். அவர்களே ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள்.

நாள் 271 – 10:00
இரண்டாம் தவணை. ஆண்கள் வந்தார்கள். நானும் போட்டுக்கொண்டேன். பெண்கள் ஒருவரும் வரவில்லை. அறை அறையாகப் போய் நடந்ததைச் சொன்னேன். வெல்டர் நூர்ஜகான் கதவைப் பாதிதான் திறந்தாள்.
"தள்ளிப்போகும்னு எழுதினது நீங்க. வந்துடும்னு அவகிட்ட சொன்னதும் நீங்க. இப்ப வேற கதை சொல்றீங்களா?"
அடுத்த கதவைத் தட்டினேன்.

நாள் 288 – 13:20
தோட்டக்கூட வடிகட்டி கிழிந்தது. காளான் தூள் காற்றில் கலந்துவிட்டது. ஒன்பது பெண்களுக்கும் காய்ச்சல். ஆண்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

நாள் 293
ஆறு பேர் போய்விட்டார்கள். பெயர்களை நாளை எழுதுகிறேன்.

நாள் 295
நூர்ஜகான் மட்டும் மிச்சம். மூச்சு பாதிதான் உள்ளே போகிறது. சட்டைக் கையை அவளே மடித்துவிட்டாள்.
"இப்பப் போட்டா கேக்குமா டாக்டர்?"
கேட்காது.
போட்டேன்.