காவிக்குக் கீழே தேள்

பங்குனி 9, ஞாயிறு

வெயில். வெள்ளிமலையில்கூட வெயில். விடிகாலை பஸ், நானும் தங்கை பட்டுவும். அவள் திருக்கோவிலூரிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். சாமை ஐந்து கிலோ, கடுக்காய் கொஞ்சம். தேன் வாங்கவில்லை, வெல்லப்பாகு வாசனை.

அங்கே கோவில் விழா. கடை கடையாக இருந்தது. ஒரு தாடிக்காரர் மெஷின் வைத்துப் பச்சை குத்திக்கொண்டிருந்தார். பட்டு நின்றுவிட்டாள். தன் கையை நீட்டி அவரிடம் கதை.

"எனக்கு ஆறு வயசுல குத்துனது. அப்போ ஏது மெஷினு, ஊசிதான். எங்க அக்கா நிக்குது பாரு, அது வைக்கப்போருக்குள்ள பூந்துக்கினு பொழுது போற வரைக்கும் வெளிய வரல."

தாடிக்காரர் சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஐம்பத்தைந்து வருஷமாக இதே கதை. காதுகுத்து, கல்யாணம், சாவு, எதையும் விட்டதில்லை.

உட்கார்ந்துவிட்டேன். இடது கை, முழங்கைக்குக் கீழே. படங்கள் ஒட்டியிருந்த அட்டையில் தேளைக் காட்டினேன். பட்டுவின் கையிலும் தேள்தான். அதைவிடப் பெரிதாகப் போடச் சொன்னேன்.

"சக்கர கிக்கர இருக்காங்கம்மா?"

"எனக்கு ஒரு நோயும் கெடையாது."

பட்டு என் முகத்தைப் பார்த்தாள். எட்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். அத்தனை பேர் நிற்கும்போது எப்படிச் சொல்வது.

அழவில்லை. எழுதி வைக்கிறேன்.

பஸ் மலை இறங்கும்போதுதான் பேத்தி சுபா நினைவு வந்தது. முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டேன். வெயிலுக்கு என்று பட்டுவிடம் சொன்னேன்.

பங்குனி 10, திங்கள்

தாடிக்காரர் கொடுத்த தாளில் உள்ளது:
– இரண்டு வேளை சோப்பு போட்டுக் கழுவவும்
– களிம்பு மெல்லிசாகத் தடவவும்
– சொறியக் கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது
– வெயில் படக் கூடாது
– மஞ்சள், எண்ணெய், வேறு எதுவும் கூடாது
– தோல் உரியும். பயப்பட வேண்டாம்

பட்டு ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். "மஞ்சளும் வெளக்கெண்ணெயும் கொழைச்சுப் பூசுக்கா. நமக்கெல்லாம் அப்பிடித்தான் ஆறுச்சு." நமக்கு என்கிறாள். எனக்கு எப்போது குத்தினார்கள்.

எது சரி? காலையில் சோப்பும் களிம்பும். மத்தியானம் மஞ்சள். இரண்டுக்கும் பொதுவாக.

வீட்டில் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டேன், கரும்புக் கொல்லைக்குப் போவதுபோல. வீட்டுக்குள்ளும் அதேதான். வேர்த்து ஊற்றுகிறது.

காரணம் இருக்கிறது. போன தீபாவளிக்கு சுபா மணிக்கட்டில் பச்சையோடு வந்தாள். மகன் முருகேசனின் பெண், என் ஒரே பேத்தி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. நான்தான் முதலில் பார்த்தேன். "எவன் பேருடீ அது? மாட்டுக்குத்தான் சூடு போடுவாங்க" என்று தெரு கேட்கச் சத்தம் போட்டேன். என் பேச்சைக் கேட்டு முருகேசன் அவளை அறைந்தான். பலகாரம்கூடத் தின்னாமல் அடுத்த பஸ் ஏறிவிட்டாள். பொங்கலுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பெரியவள் நான் எப்படிக் கூப்பிடுவது.

இப்போது இந்தக் கையை எப்படிக் காட்டுவது.

பங்குனி 11, செவ்வாய்

சட்டைக் கை ஏறியிருந்ததை மருமகள் செல்வி பார்த்துவிட்டாள். நல்ல காலம், ஓரத்துச் சிவப்பு மட்டும்.

"கைல இன்னா அத்தே, செவந்து கெடக்குது?"

"அக்கி."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கி என்றால் குயவரைக் கூப்பிட்டு அதன் மேல் காவி எழுத வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். சாயங்காலமே குயவர் தெருப் பெரியவரை அழைத்துவந்துவிட்டாள். கொட்டாங்குச்சியில் காவி, கோழி இறகு. செல்வியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் திண்டாடினேன். பெரியவர் சட்டையை மடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யம்மா, அக்கின்னா நான் சிங்கம் எழுதுவேன். உனக்கு முன்னாடியே எவனோ தேளு எழுதிட்டுப் போயிருக்கான்."

"சத்தம் போடாதீங்க. மருமக வாசல்ல நிக்குது."

"இது அக்கி இல்ல. புண்ணு. இது மேல நான் காவி வைக்க மாட்டேன்."

"நீங்க எழுதாம போனா எம்மானம் போயிரும். வைங்க."

வைத்தார். தேள் முழுக்கக் காவி. வெளியே போனதும் செல்வியிடம் சொல்வது கேட்டது: "கொழம்பு, எண்ண எதுவும் குடுக்காதம்மா. மோர்க்கஞ்சி போதும்." யாரிடமும் சொல்லவில்லை, நல்ல மனுஷன். ஆனால் கஞ்சியை ஏன் சொன்னார்.

பங்குனி 12, புதன்

காவி காய்ந்து இழுக்கிறது. கழுவக் கூடாது, கழுவினால் அக்கி இல்லை என்று தெரிந்துவிடும். தாள் கழுவச் சொல்கிறது. அரிப்பு.

வீட்டில் கருவாட்டுக் குழம்பு. எனக்கு மோர்க்கஞ்சி.

முருகேசன் கேட்டான்: "யம்மா, எரியுதா?" இல்லை என்றேன். செல்வி இரண்டாம் தரம் காவி பூசிவிட்டாள், பெரியவர் கிண்ணத்தில் விட்டுப்போனதை. பொறுமையாகத்தான் பூசினாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

பங்குனி 14, வெள்ளி

நேற்று எழுதவில்லை. கை கனம். காவிப் பொருக்கு வெடித்து ஓரத்தில் தண்ணீர் போல வருகிறது. இன்று மஞ்சளாக. மஞ்சள் பூசியதா, சீழா? தோல் உரியும், பயப்பட வேண்டாம் என்று தாளில் இருக்கிறது. வலிக்கும் என்று இல்லை. இது உரிவதா, அழுகுவதா? யாரைக் கேட்பது? பட்டுவைக் கேட்டால் ஊருக்கே தெரியும். இந்த ஊரில் மெஷினில் போட்டவள் ஒருத்திதான், சுபா. அவளும் ஊரில் இல்லை.

ஒன்று புரியவில்லை. எனக்கு அன்று கோபம் வந்தது பச்சைக்கா? கேட்காமல் போட்டதற்கா? நான் மட்டும் யாரைக் கேட்டுப் போட்டேன்?

மத்தியானம் மாட்டுக் கொட்டகைக்குப் போய் சுபாவுக்குப் போன் செய்தேன். ஐந்து மாசத்துக்குப் பிறகு.

"ஆயா? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. உன் கைல போட்டியே, அது எத்தினி நாளு அரிச்சுது?"

அவளுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம்.

"ஏன் கேக்கற?"

"சும்மா."

"ஆயா, நீ இன்னா பண்ணி வச்சிருக்க?"

சொன்னேன். வெள்ளிமலை, தேள், அக்கி, காவி எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மொதல்ல அந்தக் காவிய ஊற வச்சுக் கழுவு. சொரண்டாத. கை சூடா இருக்குதா? மேல வரைக்கும் செவப்பு ஏறுதா? சக்கர மாத்திர போட்டுக்கினுதான இருக்க?"

"செவப்பு ஏறுது."

"அப்பாகிட்ட சொல்லு. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரியில இருக்கணும். இல்ல நான் சொல்லட்டா?"

"வேணாம். நானே சொல்றேன்."

வைக்கும்போது கேட்டாள்: "பெருசா, சின்னதா?"

"பெருசு."

"அதான" என்றாள்.

பங்குனி 15, சனி

காவியைக் கழுவினேன். தேள் வீங்கியிருந்தது, வாலைக் காணோம். முருகேசன் பால் கறந்துவிட்டு வந்தான். சட்டையைக் கழற்றிக் கையை நீட்டினேன்.

"இன்னாம்மா இது?"

"தேளு."

"அக்கின்ன."

"பொய்."

பால் வாளியைக் கீழே வைத்தான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை.

"உம்பேச்சக் கேட்டுத்தான அந்தப் பொண்ண அடிச்சேன்" என்றான். "வாழ்க்கையில அதுக்கு முன்ன கை நீட்டுனது இல்ல."

வண்டியை எடுத்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே வார்த்தைதான். மேட்டில், "புடிச்சிக்க."

டாக்டரம்மா: "இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தா கீறித்தான் எடுத்திருக்கணும்." சர்க்கரை ஜாஸ்தி. ஊசி, ஐந்து நாள் மாத்திரை, கட்டு. நர்ஸ் பெண் காதோடு, "பாட்டி, தேளு சூப்பர். எங்க போட்டீங்க?" முருகேசன் சொன்னான்: "வெள்ளிமலையில." கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

பங்குனி 16, ஞாயிறு

செல்வி கோழிக்குழம்பு வைத்தாள். எனக்கும் ஊற்றினாள். "அக்கி எறங்கிருச்சா அத்தே?" என்றாள், ரசம் தாளித்துக்கொண்டே. அவளுக்கும் தெரிந்துவிட்டது. சாப்பிட்டேன்.

பங்குனி 23, ஞாயிறு

வீக்கம் இல்லை. பொருக்கு பாதி உதிர்ந்துவிட்டது. வாலில் ஓரிடத்தில் மை நிற்கவில்லை.

பத்து மணி பஸ்சில் சுபா வந்தாள். பையைக்கூட வைக்காமல் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "மாட்டுக்கு வைக்கற சூடு இத விட அழகா இருக்கும், ஆயா." பேசட்டும், கடன்தான். பையிலிருந்து களிம்பு எடுத்துத் தடவினாள். அவள் மணிக்கட்டு என் கண்ணுக்கு நேராக இருந்தது.

தீபாவளியன்று நான் அதைப் பார்க்கவே இல்லை. கறுப்பாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். பேர் என்று சொன்னது நான். யாரும் சரிபார்க்கவில்லை.

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். எழுத்தே இல்லை. விரல் நகம் அளவு.

"இன்னாடீ இது, குருவியா?"

"பிளேனு."

"யாரு போறது?"

"யாரும் போவல. புடிச்சிருந்துது, போட்டேன்."

கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். முருகேசன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான், அவள் வந்ததிலிருந்து உள்ளே வரவில்லை. அன்றைக்குச் சத்தம் போட்ட அதே இடத்தில் நின்று, அதே அளவு சத்தத்தில் சொன்னேன்: "டேய், எவன் பேரும் இல்ல. நான் பாக்காம சொல்லிட்டேன். பிளேனுடா அது." எதிர் வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். சுபா கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவன் நின்றான். "காட்டும்மா" என்றான். மெதுவாக நீட்டினாள். கிட்டக் குனிந்தான், தள்ளிப் பிடித்தான். இவனுக்கும் கிட்டப் பார்வை போய்விட்டது.

"உங்கண்ணாடியக் குடும்மா" என்றான்.